கள்ளக்குறிச்சியில் ஒரு கண்ணாடி ஸ்டூடியோ

மல்லிகாவின் குரல் எனக்குச் சில வருடங்களாகப் பழக்கம். மல்லிகாவைத் தெரியாது. ஈப்போவில் நாங்கள் நடத்தும் சின்ன இணைய வானொலிக்குக் குழந்தைக் கதைகள் கள்ளக்குறிச்சியில் உள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வரும். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற அம்மாக்கள் காரில் கேட்பார்கள். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். இந்த முறை நீளமான கதைத் தொடர். கூட இருந்து பதிவு செய்தால்தான் சரிப்படும் என்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

மார்கழிக் கடைசி. நான் ஏறிய பஸ் தியாகதுருகத்தில் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். நடத்துநர் இறங்கி டீ குடிக்கப் போனார். அவர் பின்னால் பஸ்ஸே இறங்கிப் போனது. ஈப்போவில் பஸ் நின்றால் எல்லோரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். கோட்டை மலை பனிக்குள் பாதி கரைந்து நின்றது. கல் எது, பனி எது என்று தெரியவில்லை. ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளும் காலையில் இப்படித்தான் இருக்கும்.

பக்கத்தில் கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற அம்மா என்னை விசாரித்தார். வெண்கலம் ஸ்டூடியோவுக்குப் போகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உரக்கடை மாடியில் இருக்கிறதே என்றேன்.

“கண்ணாடி ஸ்டூடியோன்னு சொல்லு! புருசனும் பொண்டாட்டியும் கண்ணாடிக்கு ஆளுக்கொரு பக்கம் குந்திக்கினு மைக்குலயே பேசிக்குவாங்களே, அதானே? எங்க ஊரு மாரியாத்தா பாட்டு அங்கதான் போட்டாங்க.”

“ஏன் மைக்கில் பேசிக்கொள்கிறார்கள்?”

“அது இன்னா கதையோ. அந்தம்மா வேற வூட்ல இருக்குது. இவரு ஸ்டூடியோவுலயே கெடக்கறாரு. காலைல டாண்ணு ரெண்டு பேரும் வேலைக்கு வந்துடுவாங்க.” அதற்குள் பெல்ட் வந்துவிட்டது. அம்மா மூட்டையோடு போய் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

உரக்கடையின் பக்கவாட்டில் ஏறும் படிகளில் வேப்பம் புண்ணாக்கு வாசம். மேலே ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு. இரண்டாவது கதவு சாத்தியதும் ஊர் அணைந்துபோனது. பஸ் நிலையத்து ஹாரன்கள், பூக்காரியின் குரல், உர மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம், எல்லாம் போய்விட்டன. குளத்துக்குள் தலையை முக்கியது போல இருந்தது.

அந்தோணியண்ணன் பொத்தான்கள் நிறைந்த மேசைக்கு முன்னால் இருந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, கழுத்தில் ஹெட்போன். அவருக்கு எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கோணிப்பையும் தென்னை நார் மெத்தையும் அடித்த சுவர்களுக்கு நடுவே, ஒரு பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் மல்லிகாக்கா. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அந்தோணியண்ணன் மைக் பொத்தானை அமுக்கினார். “மேடம், மலேசியாலேந்து வந்திருக்காங்க.”

“பாத்துட்டேன் சார். வெளில வரேன்னு சொல்லுங்க,” என்று ஒலிபெருக்கியில் பதில் வந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மேடம், சார். அன்று முழுக்க அப்படித்தான். அக்கா வெளியே வந்தால் அண்ணன் எதற்காவது கீழே இறங்கிப் போவார். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் அக்கா உள்ளே இருப்பார். கோபமாக எதுவும் தெரியவில்லை. மழைக்காலத்தில் ஈரத்தரையைச் சுற்றி நடக்கிற மாதிரி, பழகிப்போன ஒரு விலகல்.

மறுநாள் காலையில் அந்தோணியண்ணன் இட்லியும் பச்சைமிளகாய்ச் சட்னியும் வாங்கிவந்து வைத்துவிட்டு, நான் கேட்காமலேயே ஸ்டூடியோவின் கதையைச் சொன்னார். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்து மாதா கோயிலில் பாட்டுக்கு மைக் செட் கட்டுகிறவராக இருந்தவர். திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டப் போனபோது பெண்வீட்டுக் கூட்டத்தில் நலங்குப் பாட்டுப் பாடிய பெண்ணின் குரல், மைக் இல்லாமலே பந்தலைத் தாண்டிப் போனது. அதுதான் மல்லிகா. இரண்டு வீட்டிலும் முதலில் சம்மதிக்கவில்லை. பெண்ணின் அப்பாதான், சைக்கிள் கடை வைத்திருந்தவர், எல்லோரையும் சமாதானப்படுத்திச் சேர்த்துவைத்தாராம்.

“மொதல்ல போட்டது இன்னா தெரியுமா? காணாம போன எருமைக்கு அறிவிப்பு! எருமைக்காரரு சாயங்காலமே அத ஓட்டிக்கினு வந்து காட்டிட்டுப் போனாரு. அந்தக் கொரலுக்கு எருமையே திரும்பிச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு.”

பிறகு கேசட் காலம். மாதா கோயில் திருவிழாப் பாட்டு, தீமிதிப் பாட்டு, தேர்தல் பாட்டு. ஒரே தேர்தலில் எதிரெதிர்க் கட்சிகள் இரண்டுக்கும் அக்காவே பாடி, இரண்டு ஆட்டோக்களும் நான்குமுனைச் சந்திப்பில் எதிரெதிரே நின்று ஒரே குரலில் சண்டை போட்டனவாம். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் யூடியூப் வந்தது. இப்போதும் கூட்டத்துக்குக் குறைவில்லை. முந்தின நாள் மட்டும் கல்யாண மேடைக்கு நடந்துவரப் பாட்டுக் கேட்டு ஒரு ஜோடி வந்தது. பிறகு கருவாடு விற்கிற ஒருவர், “வஞ்சிரம்னு சொல்றப்ப வாயில தண்ணி ஊறணும்மா” என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

“அப்புறம் ஏன்...” என்று நான் கண்ணாடியைக் காட்டினேன்.

அண்ணன் இட்லிப் பொட்டலத்தை மடித்தார். “லெவல் பாக்கணும்மா,” என்று எழுந்துவிட்டார்.

பதிவு தொடங்கியது. நேரில் கேட்கும்போது அக்காவின் குரலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மணல் மாதிரி ஏதோ உரசியது. தொண்டையில் ஒரு கட்டி என்றும், டாக்டரிடம் காட்டி ஒரு பரிசோதனைக்குக் கொடுத்திருப்பதாகவும் சாதாரணமாகச் சொன்னார். ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் மணல் மறைந்துவிடும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு நரி ஆற்றைக் கடக்கும். ஒரு ராஜகுமாரி ஆலமரத்தில் ஊஞ்சல் கட்டுவாள். கண்ணைத் திறந்தால் கோணிச் சுவரும், வெந்நீரும், சுங்குடிச் சேலை கட்டிய ஐம்பது வயதுப் பெண்மணியும்.

அடுத்த நாள் முற்பகலில் அந்தோணியண்ணனின் கைப்பேசி அதிர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஒரு நீளமான வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அண்ணன் எடுத்துக் கேட்டார். இரண்டு தடவை “சரிங்க” என்றார். வைத்ததும் பதிவை நிறுத்திவிட்டு எழுந்தார். மைக்கை அமுக்கவில்லை. கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனார்.

அக்காவின் முகம் மாறியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்த அறைக்குள் அவர் வந்து எத்தனை காலமாயிற்றோ. உள்ளிருந்த மைக் திறந்தே இருந்ததால் ஹெட்போனில் எல்லாம் கேட்டது.

“ஆஸ்பத்திரிலேந்து போன் வந்துச்சு. ஆப்ரேஷன் பண்ணியே ஆவணுமாம். அடுத்த வாரம் பாண்டிக்கு வரச் சொல்றாங்க. கொரலு எப்படித் திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதாம்.”

அக்கா சொன்னார். “இந்த வரி முடியறவரைக்கும் இருந்துட்டுச் சொல்லியிருக்கலாமே.”

“இல்ல. மொதல்ல சொல்லணும்.”

அக்கா நிமிர்ந்து கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். “வாசுகி, மைக்க ஆஃப் பண்ணும்மா.”

ஆஃப் செய்தேன்.

அன்று வேலை அவ்வளவுதான். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றபோது மேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இத்தினி வருசமா இங்கேந்து பாக்கறேன். ஒரு நாள் கூட மேல போனதில்ல. எப்பவும் வேலை. நாளைக்குப் போலாமா?”

“அருவிக்கா?” என்றேன்.

“அருவி வேணாம். அது சத்தம். ஒண்ணியும் இல்லாத எடம் வேணும். இந்த ரூமுல பேசினா கொரலு சுவத்துல பூந்து செத்துப் போவுது. திரும்பி வராது. அது திரும்பி வந்தா எப்படி இருக்கும்னு ஒரு தபா கேக்கணும்.”

படியில் நின்றிருந்த அந்தோணியண்ணனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். “கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றார், என்னைப் பார்த்து.

“கத்த மாட்டேன்னு சொல்லு,” என்றார் அக்கா, அவரும் என்னைப் பார்த்து.

“நானும் வரேன்னு சொல்லும்மா,” என்றார் அண்ணன். அக்கா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிமலை பஸ்ஸில் கூட்டம். எனக்கும் அக்காவுக்கும் இடம் கிடைத்தது. அந்தோணியண்ணன் தோளில் ஒரு சின்னப் பதிவுக்கருவியோடு பின்படி பக்கம் நின்றார். கச்சிராயபாளையம் வரை சாலையின் ஒரு பாதியில் மக்காச்சோளம் காய்ந்தது. மஞ்சள் கம்பளத்தை ஒட்டி பஸ் பதவிசாகப் போனது. கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சன்னலில் குளிர் அடித்தது. வளைவுக்கு வளைவு காது அடைத்தது. அந்த மந்தமான இரைச்சலில், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஓர் ஆடி மாதம். பாத்திரக்கடைத் தள்ளுபடி விளம்பரம். சிரித்துக்கொண்டே பேச வேண்டியது. அக்கா உள்ளே இருக்கும்போது திருக்கோவிலூரிலிருந்து போன் வந்தது, அப்பா போய்விட்டார் என்று. போனை எடுத்தவர் அந்தோணியண்ணன். விளம்பரக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் போனை வைத்துவிட்டு, கண்ணாடி வழியே, “மேடம், இன்னும் ஒரு டேக்,” என்றார். மூன்று நாலு டேக் போனது. முடித்து வெளியே வந்த பிறகுதான் சொன்னார். பஸ் பிடித்து, வழியில் ஒரு பாலத்தில் நெரிசலில் மாட்டி, அக்கா போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். யாரோ இருட்டப் போகிறது என்று அவசரப்படுத்தினார்களாம்.

“அந்த ஆடி முழுக்க என் கொரலு ஆட்டோவுல ஊர் சுத்திச்சு. வாங்க வாங்கன்னு சிரிச்சிக்கினு. நான் காதப் பொத்திக்கினு படுத்திருந்தேன். அப்பா செத்துக் கெடக்கறப்ப சிரிச்ச சிரிப்பு அது. அப்பால என்னால அந்த வூட்ல இருக்க முடியல.”

“வேலையை மட்டும் ஏன் விடவில்லை, அக்கா?”

“என் கொரல அவரு மாதிரி எடுக்க ஆளு இல்ல.” வெளியே ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி நின்றது. “அதுவும் நெசம்தானே.”

கரியாலூரில் இறங்கினோம். ஒரு சின்னக் கடையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தந்தார்கள். சாமையை நான் அன்றுதான் முதலில் சாப்பிட்டேன். நாக்கில் மழைத்தூறல் மாதிரி உதிர்ந்தது. அக்கா மெதுவாக, ஒவ்வொரு வாயையும் வெந்நீரோடு விழுங்கினார். அண்ணன் எதிர் பெஞ்சில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் காட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். கடுக்காய் மரங்கள் முடிந்த இடத்தில் பாறை ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. கீழே பள்ளம், எதிரே இன்னொரு மலைச்சரிவு. பனி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. என் சட்டைக் கை உரசுவதுகூடக் கேட்டது. அந்தோணியண்ணன் பழக்கத்தில் ஒரு தடவை கை தட்டினார். எதிர்ச்சரிவிலிருந்து யாரோ மெல்லக் கை தட்டினார்கள்.

அண்ணன் பையைத் திறந்தார். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்கும் கண்ணாடியும் இல்லாத இடத்தில், அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டார். “எடுக்கவா?”

“வேணாம்.”

அவர் அதைப் பைக்குள் வைத்து மூடிவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றார்.

அக்கா பாறையில் உட்கார்ந்தார். கத்தவில்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு குரலில், ஆரம்பித்தது எப்போது என்று தெரியாதபடி ஆரம்பித்தார்.

“தென்பெண்ணக் கரையோரம் சைக்கிளு கடை வச்ச அப்பா,
நான் தேடி வரதுக்குள்ள தெருமுனை தாண்டிட்டியே...
ஊருக்கெல்லாம் கொரலு குடுத்தேன், ஒனக்கு ஒத்த சொல்லு இல்லியே,
ஒரு வரிய முடிக்கறதுக்குள்ள ஒன்ன எடுத்துட்டாங்களே...”

ஒவ்வொரு வரியின் கடைசியும் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வந்த குரலில் மணல் இல்லை. அக்கா அது வந்து சேரும் வரை காத்திருந்து அடுத்த வரியை எடுத்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பனி எங்களுக்குள் புகுந்து வெளியே போயிற்று.

பாதையில் விறகுக்கட்டோடு வந்த மலையூர்ப் பெண் ஒருவர் நின்றார். கட்டைத் தலையிலிருந்து இறக்கவில்லை. “யாரு போய்ட்டாங்க?” என்று கேட்டார்.

“எங்கப்பா,” என்றார் அக்கா.

“எப்போ?”

“ரொம்ப வருசம் ஆச்சு.”

அந்தப் பெண் வேறு எதுவும் கேட்கவில்லை. கட்டை இறக்கி வைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி, தோளில் கை போட்டுக்கொண்டு, “எங்கப்பனே, பெத்தவனே,” என்று தானும் சேர்ந்து அழ ஆரம்பித்தார். சாவு வீட்டில் பெண்கள் அழுவது போல, ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்து, முன்னும் பின்னும் அசைந்து. அக்கா இத்தனை வருடம் கிடைக்காமல் போன அழுகையை அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அந்தோணியண்ணன் தரையில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எழுந்து, கட்டைத் தூக்கிவிடச் சொல்லி அவரைத்தான் கூப்பிட்டார். அவர் தூக்கிவிட்டார். “எங்க மாமனாரும்மா,” என்றார் அந்தப் பெண்ணிடம். “எனக்குப் பொண்ணு குடுத்தவரு. ரெண்டே நிமிசம்தானேன்னு நெனச்சேன்.” அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அக்கா அதைக் கேட்டார். இறங்கும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், என் தோளிலேயே தூங்கிப்போனார்.

ஈப்போவுக்குத் தகவல் சொல்லிவிட்டு நான் தங்கிவிட்டேன். அடுத்த வாரம் மூன்று பேரும் பாண்டிச்சேரிக்குப் போனோம். அறுவைச் சிகிச்சை அறைக்கு முன்னால் ஒரு நர்ஸ் அந்தோணியண்ணனை நிறுத்தினார். “நீங்க பேஷண்டுக்கு யாரு?”

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பச்சை உடுப்பில், தள்ளுபடுக்கையில் கிடந்த அக்காதான் பதில் சொன்னார். “வூட்டுக்காரருதான்.”

அந்தக் குரலில் நான் கேட்ட கடைசிச் சொல் அது. கதவு மூடியது.

கட்டி பயப்படும்படியானது இல்லை என்று டாக்டர் வந்து சொன்னார். குரல் வரும், ஆனால் பழைய குரலாக இருக்காது, சில வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். நான் இதை எழுதும்போது எங்கள் கதைத் தொடர் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. ராஜகுமாரி ஊஞ்சல் கட்டும் வரை ஒரு குரல், அதற்குப் பிறகு அக்காவின் இன்னும் தாழ்ந்த, கொஞ்சம் கரகரப்பான இன்னொரு குரல். புதிதாக வந்திருக்கும் அத்தை யார் என்று ஈப்போ அம்மாக்கள் கேட்கிறார்கள். அவரையும் பிடித்திருக்கிறதாம்.

நான் ஊருக்குக் கிளம்பிய மத்தியானம் விடைபெற ஆஸ்பத்திரி அறைக்குப் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார், பேசக் கூடாது. பக்கத்து ஸ்டூலில் அந்தோணியண்ணன் பேசிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கீழே உரக்கடைக்காரர் பேத்திக்குக் காதுகுத்து நடந்தது, ஸ்டூடியோ பின்பக்கம் அவர் வைத்த கறிவேப்பிலைச் செடி ஆள் உயரம் வளர்ந்தது, தனியாகக் களி கிண்டி அடிப்பிடித்தது, எல்லாம் வரிசையில்லாமல் வந்தது.

“திருக்கோவிலூரு பக்கம் போறப்பல்லாம் உங்கப்பா கடை இருந்த எடத்துல எறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன். உங்கிட்ட சொன்னதில்ல. சொல்ல வாய் வர்ல மல்லி.”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் நிறுத்திவிட்டார். நான் வாசலிலேயே நின்றேன், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல். வெகுநேரம் கழித்து அக்கா திரும்பினார். கண் ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

“சாப்ட்டுட்டுக் கெளம்பச் சொல்றா,” என்றார் அண்ணன்.

அக்கா இல்லையென்று தலையை ஆட்டி, கவனிக்கச் சொல்வதுபோலக் கட்டிலில் தட்டி, அண்ணனைக் காட்டி, மறுபடியும் கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

“என்னையா? நான் அப்பால சாப்பிடறேன் வுடு.”

அக்கா விடவில்லை. என்னையும் அவரையும் சேர்த்துக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். அண்ணன் எழுந்தார், நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடப் போனோம்.